இலையை விட்டு எழாத தாய்மாமன்

அமெரிக்காவில் எடிசன் என்ற ஊரில் ஒரு டயர்க் கடை மூடிக் கிடந்தது. தரையெல்லாம் கருப்பு எண்ணெய். அதைச் சுரண்டிக் கழுவிக் கல்யாணச் சமையற்கூடம் ஆக்கினேன். கோயம்புத்தூரிலிருந்து கப்பலில் ஒரு பெரிய கிரைண்டர் வரவழைத்தேன். சுகாதாரத் துறை இன்ஸ்பெக்டர் அதன் கல்லைத் தட்டிப் பார்த்து, இதில் சிமென்ட் கலப்பீர்களா என்று கேட்டார். அவர் கண் முன்னாலேயே அரைத்துத் தோசை ஊற்றிக் காட்டினேன், கையெழுத்துப் போட்டார். வெளிச் சாப்பாட்டை உள்ளே விடமாட்டோம் என்ற ஹோட்டல்காரர்களை விட வைத்தேன். வாழையிலை போட்டால் மேசைத் துணி கறையாகும் என்றார்கள். துணியே வேண்டாம் என்றேன். இன்றைக்கு நியூ ஜெர்சியில் எந்தத் தமிழ்க் கல்யாணத்திலும் இலை போடுகிறார்கள் என்றால் அது என்னால். டெக்சாஸில் காப்பெல்லில் ஒரு கிளை போட்டேன். அங்கே வெயிலில் மாவு ஒரு மணி நேரம் முன்னாலேயே பொங்கிவிடும், அதற்கும் வழி கண்டுபிடித்தேன். இவ்வளவும் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவன் செய்தது. கடைசியாக ஒன்று: அமெரிக்காவுக்கு ஒரு நாவலாசிரியையை உருவாக்கிக் கொடுத்தேன்.

பெற்றேன் என்று சொல்லவில்லை. பெற்றது என் மனைவி. உருவாக்கினேன் என்கிறேன். மேலே சொன்ன மற்ற எல்லாவற்றுக்கும் என் பெயரில் பத்திரமோ லைசென்ஸோ இருக்கிறது. இந்த ஒன்றுக்கு மட்டும் எதுவும் இல்லை. அதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

என் மகளுடைய நாவலை நீங்கள் படித்திருக்கலாம். விமான நிலையத்தில்கூட விற்கிறது. ஒரு பரிசும் வாங்கிவிட்டது. அதைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லாரும் தவறாமல் ஒன்று சொல்கிறார்களாம்: அத்தியாயத்தை முடிக்கிற இடம் பிரமாதம், புத்தகத்தைக் கீழே வைக்க முடியவில்லை. அந்த வித்தையை, கதை எழுதச் சொல்லித்தரும் எழுத்துப் பள்ளியில் கற்றதாக அவள் பேட்டி கொடுத்திருக்கிறாள். எழுத்துப் பள்ளிக்கு நான் போனதில்லை. ஆனால் அந்த வித்தை எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். தாராபுரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தின் பின்கட்டிலிருந்து வந்தது.

அமெரிக்கா வருவதற்கு முன்னால் நான் ஒரு சமையல் மாஸ்டரிடம் வேலை பார்த்தேன். கல்யாணத்துக்கு முந்தின நாள் மத்தியானம் வெங்காயமும் பூசணியும் மூட்டை மூட்டையாக வந்து இறங்கும். நறுக்க வருகிறவர்கள் தினக்கூலி ஆட்கள். பீடி குடிக்கிறேன் என்று ஒருவன் எழுந்து போனால் திரும்பி வரமாட்டான், போகும்போது இன்னும் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு போவான். எனக்கு வாய் நீளம் என்று மாஸ்டருக்குத் தெரியும். ஒருநாள் என்னிடமிருந்து அரிவாள்மணையைப் பிடுங்கி வேறு ஒருவனிடம் கொடுத்தார்.

"டேய், நீ நறுக்கிக் கிழிச்சது போதும். உக்காந்து கதையச் சொல்லு. மூட்டை தீர்ற வரைக்கும் கதை தீரக் கூடாது. தீந்துச்சு, உன்ற கூலியும் தீந்துச்சு."

அன்றிலிருந்து அதுதான் என் வேலை. சீக்கிரமே ஒன்று புரிந்தது. ஒரு மூட்டை முடிந்து அடுத்த மூட்டையை அவிழ்க்கிற நேரம்தான் ஆபத்தான நேரம். ஆட்கள் இடுப்பை நிமிர்த்துவார்கள், வாசலைப் பார்ப்பார்கள். சரியாக அந்த நேரத்தில் கதையில் யாராவது கதவைத் தட்ட வேண்டும். தட்டியது யார் என்பதை அடுத்த மூட்டை பாதியான பிறகுதான் சொல்ல வேண்டும். இதை எனக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. எழுந்து போகிற ஆட்களின் முதுகைப் பார்த்துக் கற்றுக்கொண்டேன்.

இனி என் மகள். எங்களுக்கு வேலையே சனி, ஞாயிறுதான். அந்த நாட்களில் டேகேர் கிடையாது. மனைவி அடுப்படியில் நிற்பாள், நான் வேன் ஓட்டுவேன், குழந்தையை எங்கே விடுவது? வேனில் ஏற்றிக்கொண்டேன். பின்னால் சாம்பார் அண்டாக்களைப் பெல்ட் போட்டுக் கட்டியிருப்போம். வேன் பூராவும் பெருங்காய வாசம். அவளுக்கு அது ஆகவே ஆகாது. டர்ன்பைக் நெடுஞ்சாலையில் ஏறுவதற்குள் முகம் வெளுத்துவிடும், பிளாஸ்டிக் பையை மடியில் வைத்துக்கொண்டு வருவாள். நிறுத்தி நிறுத்திப் போனால் முகூர்த்தச் சாப்பாடு என்ன ஆவது? கதை சொன்னால் வாந்தி வரவில்லை. எனக்குத் தெரிந்த மருந்து அது ஒன்றுதான். கல்யாண மண்டபங்களில் பார்த்தது, கேட்டது, அதோடு என் கைச்சரக்கு என்று எல்லாவற்றையும் சொல்ல ஆரம்பித்தேன்.

அதில் அவளுக்கு மிகவும் பிடித்தது இந்தத் தாய்மாமன் கதை.

ஒரு கல்யாணம். பெண்ணின் அப்பாவுக்கும் தாய்மாமனுக்கும் பேச்சுவார்த்தை இல்லை. பத்திரிகையில் தாய்மாமன் பெயரைப் போடாமல் விட்டுவிட்டார்கள். எங்கள் பக்கத்தில் அதைவிடப் பெரிய அவமானம் கிடையாது. ஆனாலும் அவர் வந்தார். சீர் கொண்டுவந்து வைத்தார். பந்தியில் உட்கார்ந்தார். சாதம், குழம்பு, ரசம், பாயசம், மோர் என்று ஒன்றையும் விடாமல் சாப்பிட்டார். சாப்பிட்ட பிறகு இலையை மடிக்கவில்லை. எழவும் இல்லை. வரிசையில் மூத்தவர் எழாமல் வேறு யாரும் எழக் கூடாது, அது மரியாதை இல்லை. ஆகவே அந்த வரிசை மொத்தமும் கை காயக் காய உட்கார்ந்திருக்கிறது. அடுத்த பந்திக்காரர்கள் நாற்காலிக்குப் பின்னால் நிற்கிறார்கள். ஒருவர் வந்து கேட்கிறார், "என்னுங்க மாமா, இன்னும் ஏதாச்சும் வெக்கச் சொல்லட்டுங்களா?" அவர் இலையைப் பார்த்துக்கொண்டே, "ஒண்ணு கொறையுது. அதை வெச்சீங்கன்னா எந்திரிச்சர்றேன்" என்கிறார்.

இந்த இடத்தில் டோல் கேட் வரும். அப்போதெல்லாம் சில்லறை போட வேண்டும். நான் கண்ணாடியை இறக்கிவிட்டுச் சட்டைப்பையில் கையை விடுவேன்.

"அப்பா! என்ன குறையுது? டெல் மீ!"

"சில்லறை கொறையுது கண்ணு, இரு."

"அப்பா, ப்ளீஸ்!"

"ரிட்டர்ன்ல சொல்றேன். மண்டபம் வந்துருச்சு பாரு."

மண்டபத்தில் நான் அண்டா இறக்கும்போது பின்னாலேயே சுற்றுவாள். சாம்பார் குறைகிறதா, அப்பளம் குறைகிறதா, அவருடைய செருப்பைக் காணோமா என்று கேட்டுக்கொண்டே இருப்பாள். காலி அண்டாக்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு வர, திரும்பும் வழியில்தான் முடிவைச் சொல்வேன். முகூர்த்தப் புடவையோடு கல்யாணப் பெண்ணே பந்திக்கு வருகிறாள். மொய் எழுதுகிறவரிடம் பேனாவை வாங்குகிறாள். பத்திரிகையில் தன் அப்பா பெயருக்கு மேலே மாமன் பெயரை எழுதி, இலைக்குப் பக்கத்தில் வைக்கிறாள். அவர் படிக்கிறார். இலையை மடிக்கிறார். எழுகிறார். வரிசையில் இருந்த அத்தனை நாற்காலிகளும் ஒரே நேரத்தில் பின்னால் நகர்கின்றன. அந்தச் சத்தத்தை நான் வாயாலேயே செய்து காட்டுவேன். இது கைச்சரக்கு அல்ல. அந்தப் பந்தியில் மோர் ஊற்றியவன் நான்.

என் மகள் வளர்ந்தாள். கம்ப்யூட்டர் படிக்க இடம் கிடைத்தது. ஒரு வருடம் போய்விட்டு, வேண்டாம், இங்கிலீஷ் இலக்கியம் படிக்கிறேன் என்றாள். நம் ஊர்க் கடைகள் இருக்கிற ஓக் ட்ரீ ரோட்டில் என்னைப் பார்க்கிறவர்கள் எல்லாம் துக்கம் விசாரிப்பது மாதிரி விசாரித்தார்கள். "அங்கிள், இங்கிலீஷ் படிச்சு என்ன பண்ணப் போறா?" என்று ஒருவர் கேட்டார். "சமைச்சு நான் என்ன பண்ணப் போறேன்னு அன்னைக்கு யாராச்சும் கேட்டீங்களா? இப்ப உங்க வீட்டுச் சீமந்தத்துக்கு யாரு சமைக்கறது?" என்றேன். அத்தனை தமிழ் அப்பாக்களில் மகளைத் தடுக்காத ஒரே அப்பா நான்தான். இதுவும் எந்தப் பேட்டியிலும் வரவில்லை.

எழுத்துப் பள்ளியை முடித்துக் கலிபோர்னியாவில் சான் ஹோசேக்குப் போனாள். கராஜுக்கு மேல் ஓர் அறை. பகலில் ஏதோ கம்பெனிக்கு மிஷினைப் பற்றி விளக்கம் எழுதிக் கொடுத்தாள், மிச்ச நேரத்தில் நாவல். முதல் நாவலில் எல்லாரும் வெள்ளைக்காரர்கள். ஒரு புருஷனும் பெண்டாட்டியும் கடற்கரை வீட்டில் உட்கார்ந்து பேசிப் பேசிப் பிரிந்து போவார்களாம். அது போணியாகவில்லை. ஒரு வருடம் அவள் எங்களுக்குச் சரியாக ஃபோன்கூடப் பண்ணவில்லை.

அப்புறம் டெக்சாஸில் ஒரு கல்லூரியில் பாடம் நடத்தும் வேலை கிடைத்தது. காப்பெல்லில் எங்கள் கிளைக்கு மேலேயே குடி வைத்தேன். வேளா வேளைக்குச் சாப்பாடு கீழேயிருந்து போகும். அங்கே போன பிறகு அவளுக்கு என் மேல் திடீரென்று பாசம் வந்தது. வாராவாரம் ஞாயிற்றுக்கிழமை ஃபோன்.

"அப்பா, அந்தத் தாய்மாமன் கதை சொல்லேன். ஃப்ரம் த பிகினிங்."

"அதென்ன கண்ணு இப்ப, சின்னப் புள்ளையாட்டம்?"

"சும்மாதான்பா. மிஸ் பண்றேன்."

சொன்னேன். எல்லாக் கதைகளையும் திரும்பச் சொன்னேன். மனைவியிடம், பார், என் குரலைக் கேட்காமல் அவளால் இருக்க முடியவில்லை என்று பெருமை பேசினேன். ஃபோனில் அந்தப் பக்கம் டக் டக்கென்று ஒரு சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். "அங்க என்ன கண்ணு சத்தம்?" என்று ஒருமுறை கேட்டேன். "ஒண்ணுமில்லப்பா, ஆஃபீஸ் மெயில். நீ சொல்லு, அப்புறம்?" என்றாள். நான் அவசரமாகச் சொன்னால் சத்தமும் அவசரமாக வரும். நான் நிறுத்தினால் அதுவும் நிற்கும். அது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

இரண்டாவது நாவல் வெளிவந்தது. ஊரே படித்தது. நான் படிக்கவில்லை, ஏனென்றால் ஆங்கிலம் என் காதுக்குத் தெரியும், கண்ணுக்குத் தெரியாது. பேசினால் யாரையும் பேசி மடக்குவேன், அச்சில் பார்த்தால் எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கும். பிறகு அது ஆடியோ புத்தகமாக வந்தது. மனைவி அதை ஃபோனில் போட்டு வேனோடு இணைத்தாள். டெலவேர் பக்கம் ஒரு வளைகாப்புக்குப் போய்க்கொண்டிருந்தோம். பின்னால் அதே சாம்பார், அதே பெருங்காயம்.

ஓர் அமெரிக்கப் பெண் அருமையான குரலில் வாசித்தாள். முதல் பக்கத்திலேயே கதைசொல்லும் மகள் இப்படிச் சொல்கிறாள்: என் அப்பா பேசமாட்டார், எங்கள் வேனில் பாத்திரங்கள் மட்டும்தான் பேசிக்கொண்டன.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இது வேற யாரோ கேட்டரிங்காரன்போல" என்றேன். கேட்கக் கேட்கத்தான் தெரிந்தது. எடிசன், டயர்க் கடை, கப்பலில் வந்த கிரைண்டர், இன்ஸ்பெக்டர் கேட்ட சிமென்ட்டு வரை எல்லாம் இருந்தது. ஆள் நான்தான், வாயைத்தான் காணவில்லை. அந்த அப்பா வாயைத் திறக்காமலே வண்டி ஓட்டுகிறான். மகள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே வளர்கிறாள். பெரியவளாகி இந்தியாவுக்குப் போய், யார் யாரையோ கேட்டு, அப்பா மறைத்த கதைகளைத் தானே தோண்டி எடுக்கிறாள். அப்படித் தோண்டி எடுத்ததில் ஒன்று, பத்திரிகையில் பெயர் இல்லாத தாய்மாமன்.

மனைவி என் பக்கம் திரும்பினாள். "ஏனுங்க, இது நீங்க புள்ளைக்குச் சொன்னதுல்லீங்களா?"

நான் சத்தத்தைக் கூட்டினேன். தாய்மாமன், ஒன்று குறைகிறது, அதை வைத்தால் எழுகிறேன் என்றார். அந்தப் பெண் குரல் அங்கே நின்றது. அத்தியாயம் முடிந்துவிட்டது. நான் சில்லறைக்காக நிறுத்திய அதே இடம். இப்போது டோலில் யாரும் நிற்பதில்லை. கண்ணாடியில் ஒட்டிய டோல் டேக்கைப் படித்துக்கொண்டு மேலே ஒரு விளக்கு எரிந்தது, வேன் பாட்டுக்குப் போனது.

நேரிலேயே கேட்டுவிடலாம் என்று சான் ஹோசேக்குப் போனேன். பரிசு கிடைத்த கையோடு அவள் அங்கேயே திரும்பியிருந்தாள், ஒரு புத்தகக் கடையில் வாசிப்புக் கூட்டம். உட்கார இடமில்லாமல் சுவர் ஓரமெல்லாம் நின்றார்கள். நம் ஆட்கள் பாதி, வெள்ளைக்காரர்கள் பாதி. அவள் வாசித்தாள். நன்றாகவே வாசித்தாள், பொய் சொல்லமாட்டேன். முடிந்ததும் ஒரு பையன் எழுந்து, இந்தக் கதைகள் உங்களுக்கு எப்படிக் கிடைத்தன என்று கேட்டான். நான் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

எங்கள் வீட்டில் மௌனம்தான் இருந்தது, அந்த மௌனத்தைக் கேட்டுத்தான் எழுதக் கற்றேன் என்றாள். அதோடு விட்டிருக்கலாம். "என் அப்பா இங்கே வந்திருக்கிறார்" என்று என் பக்கம் கையைக் காட்டினாள். எல்லாரும் திரும்பிக் கை தட்டினார்கள். சிலர் எழுந்து நின்றே தட்டினார்கள். நான் வாயைத் திறந்தேன். தட்டல் நிற்கவில்லை. நின்றபோது மைக் வேறு ஒருவர் கைக்குப் போயிருந்தது. கூட்டம் முடிந்து ஓர் அம்மாள் என்னிடம் வந்து, காது கேட்காதவனிடம் பேசுகிற மாதிரி ஒவ்வொரு சொல்லாகப் பிரித்து, "உங்கள் மௌனத்துக்கு நன்றி" என்றாள். கும்பிடு வேறு. அமைச்சர் வீட்டுக் கல்யாணத்துக்கே விலை பேசி மடக்கியவன் நான். அன்றைக்கு ஒரு வார்த்தை வரவில்லை.

வீட்டுக்குப் போகும் வழியில் அவள்தான் கார் ஓட்டினாள். ஃப்ரீவேயில் ஏறியதும் கேட்டேன்.

"நான் எப்ப கண்ணு பேசாம இருந்தேன்?"

"அப்பா, இட்ஸ் ஃபிக்‌ஷன். அது நீ இல்ல."

"டயர்க் கடை என்னுது. கிரைண்டர் என்னுது. கதை என்னுது. வாயி மட்டும் எவனுது?"

"நீ பேசற அப்பாவா இருந்தா புக்கே இல்லப்பா. அவ தானா தேடிக் கண்டுபிடிக்கணும். அதான் ஸ்டோரி."

"நான் பேசினா புக்கு இல்லீன்ற. நான் பேசலீன்னா ஏது புக்கு?"

அவள் இண்டிகேட்டர் போட்டு லேன் மாறினாள். பிறகு, "பேசற இமிக்ரன்ட் அப்பாவ இங்க காமெடியாத்தான் பாப்பாங்க. ஐ வாஸ் ப்ரொடெக்டிங் யூ" என்றாள்.

"என்னைக் காப்பாத்தற அளவுக்கு எனக்கு என்ன வந்துச்சு? சிரிச்சா சிரிக்கட்டும். மண்டபத்துல அத்தனை பேரச் சிரிக்க வெச்சுத்தான் வெங்காயம் நறுக்க வெச்சேன்."

"தேங்க்ஸ் பேஜ்ல போட்டிருக்கேனே. நீ கேக்கலையா? கடைசில இருக்கு. என் பெற்றோருக்கு, அவங்க செஞ்ச தியாகங்களுக்குன்னு."

"தியாகமா? எனக்கு எதுக்கு கண்ணு தியாகம்? நான் ஜெயிலுக்கா போனேன், தியாகி பென்ஷன் வாங்க?"

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கு வரவில்லை. வீடு வந்து சேரும் வரை அவள் சிரிப்பும் நின்றுபோய், நாங்கள் இரண்டு பேரும் அந்த நாவலில் வருகிறவர்கள் மாதிரியே உட்கார்ந்திருந்தோம்.

எடிசன் திரும்பியதும் அந்த நன்றிப் பக்கத்தை மனைவியை விட்டு மெதுவாகப் படிக்கச் சொல்லிக் கேட்டேன். ஏஜென்டுக்கு நன்றி, கையெழுத்துப் பிரதியைப் படித்த நண்பர்களுக்கு நன்றி, எழுதுவதற்கு மலையில் வீடு கொடுத்தவர்களுக்கு நன்றி, ஆசிரியை ஒருவருக்கு 'எங்கே நிறுத்த வேண்டும் என்று சொல்லிக் கொடுத்ததற்காக' நன்றி. அவளுடைய நாய்க்குக்கூட ஒரு வரி இருக்கிறது. கடைசியில் நாங்கள், தியாகத்தோடு. இங்கே வளர்ந்த நம் பிள்ளைகள் எதில் ஜெயித்தாலும் மேடையேறி இதைத்தான் சொல்கிறார்கள். அப்பா அம்மாவின் தியாகம். கேட்கிறவர்களுக்குக் கண் கலங்கிவிடும். தியாகம் செய்தவனுக்கு எதுவும் தெரிந்திருக்கத் தேவையில்லை, கஷ்டப்பட்டிருந்தால் போதும். நான் கஷ்டப்பட்டதற்காகப் பாராட்டு கேட்கவில்லை. எனக்கு ஒரு வேலை தெரியும். அந்த வேலையை அவளுக்குக் கற்றுக் கொடுத்தேன்.

அவளுடையது எது என்றும் எனக்குத் தெரியும். கிரைண்டரின் கல் சுற்றும்போது அம்மா அதன் ஓரத்தை விரலால் வழிக்கிற இடத்தை ஒரு பக்கம் எழுதியிருக்கிறாள், அதை நான் சொல்லவில்லை. அது அவள் கண். டர்ன்பைக்கில் பனி விழுவது அவளுடையது. கல்யாணப் பெண் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு நிமிடம் தயங்குவதாக எழுதியிருக்கிறாள். என் கதையில் அவள் தயங்கவே மாட்டாள். தயங்கியதுதான் நன்றாக இருக்கிறது. இதையெல்லாம் பிடுங்கிக்கொள்ள நான் வரவில்லை.

இப்போது நாவல் பேப்பர்பேக்காக வரப் போகிறது. அச்சுக்குப் போவதற்கு முன் எதையும் மாற்றலாம் என்று அவளே சொன்னாள். நன்றிப் பக்கத்தை மாற்றச் சொல்லிக் கேட்டேன். "ஐ'ல் திங்க் அபவுட் இட்பா" என்றாள். மனைவி என்னிடம், "விடுங்க, நம்ம புள்ளதானுங்களே" என்கிறாள். பத்திரிகையில் பெயரை விட்டவர்களும் சொந்தக்காரர்கள்தான்.

அதனால் இதை எல்லாரும் பார்க்கிற இடத்தில் எழுதி வைக்கிறேன். உன் நாவலில் என்னைப் பேச வைக்க வேண்டாம் கண்ணு, அது உன் கதை. கடைசிப் பக்கத்தில் தியாகம் என்ற சொல்லை எடு. அந்த இடத்தில் இதைப் போடு: இந்தக் கல்யாணக் கதைகளை எனக்கு வேனில் சொன்னவர் என் அப்பா, கதையை எங்கே நிறுத்த வேண்டும் என்பதை அவரிடம் கற்றேன். ஆசிரியைக்கு மேலே போடு. நாய்க்கும் மேலே.

பேனா உன் கையில் இருக்கிறது கண்ணு. நான் சாப்பிட்டு முடித்துவிட்டேன், இலை அப்படியே இருக்கிறது. எழுதிக் கொண்டுவந்து வை, எழுந்துகொள்கிறேன்.